படித்தேன், சரி

வயிறு எரிய அடுப்பா வேண்டும்? அடுத்தவருக்கு விழும் கைதட்டல் போதாதா! கோயம்புத்தூர் ஐடி கம்பெனி ஒன்றில் டீம் லீடராக இருந்த ஞானசேகருக்கு அப்படித்தான் எரிந்தது. "தொடாதீர்கள், கோடிங் இப்போதுதான் ஓடுகிறது" என்று அச்சடித்த டிஷர்ட்டில் ஜூனியர் தமயந்தி வந்த அன்று, ஆபீசே சிரித்துக் கைதட்டியது.

அவளைக் கூப்பிட்டார். "எனக்கும் ஒண்ணு அடிச்சுக் கொடு. கோடிங்லயே எழுதணும். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் எழுந்து கைதட்டணும். இல்லேன்னா இந்த வருஷ இன்கிரிமென்ட்டை மறந்துடு."

"சரி சார். எழுதி மெயில்ல அனுப்பறேன். நீங்க ஓகே சொன்னதும் அடிச்சுடலாம்."

நாலு வரி அனுப்பினாள். அரை நிமிஷத்தில் பதில் வந்தது: "படித்தேன், சரி." யார் எந்த கோடிங்கை அனுப்பினாலும் அவர் போடும் பதில் அதுதான்.

புதன்கிழமை அந்த டிஷர்ட்டில் நெஞ்சை நிமிர்த்தி வந்தார். டீமில் இருந்த நாற்பது பேரும் படித்துவிட்டு எழுந்து கைதட்டினார்கள். விசில் வேறு. தமயந்தியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

சத்தம் கேட்டு எம்.டி. மேடம் வந்தார். "சேகர், நீங்க உள்ளே வந்தா டீமுக்கு மூணு நாள் லீவுன்னு எழுதியிருக்கே. படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

ஞானசேகர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது.

"படிச்சார் மேடம்," என்றாள் தமயந்தி பவ்யமாக. "எல்லா கோடிங்கையும் படிக்கிற மாதிரியே படிச்சார். மெயில்கூட இருக்கு."

"ஆமா... படிச்சேன்," என்றார் ஞானசேகர். "அப்போ லீவும் சரிதான்," என்றார் மேடம்.

மறுநாள் டீம் ஊட்டிக்குக் கிளம்பியது. ஆபீசில் அவர் மட்டும் உட்கார்ந்து, இதுவரை சரி சொன்னதையெல்லாம் முதல்முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.