கயிறு போட்டுப் பிரித்த தொண்டு

முதுகும் தோளும் கன்றிப்போய், மண்கூடையைத் தலைக்கு ஏற்ற முடியாமல் ஏரிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான் மாணவன் திருமேனி. பேர் தெரியாத ஒரு தேசத்தில் எப்போதோ நடந்தது இது. அந்நாட்டு மாணவர்கள் கோடையில் தொண்டர் கூட்டமாகப் போய் ஏரிகளைத் தூர்வாருவார்கள். கூலி கிடையாது, ஊர் வீடுகள் சோறு போடும்.

அந்த வருஷம் ராஜாவுக்கு ஓர் ஆசை. "தொண்டர் கூட்டத்தை நாலு மண்டலமாகப் பிரியுங்கள். நாலும் சமமாக இருக்கவேண்டும்" என்றார். மந்திரி விருத்தகிரி கயிறு பிடித்து நாட்டை நாலாக அளந்தார். மண்டலத்துக்கு அறுபது மாணவர். அவரவர் எல்லைக்குள்தான் சோறு கேட்கலாம், தாண்டினால் பிரம்படி. தெற்கு முழுக்க நெல்வயல். மந்திரியின் மருமகன் அங்கே. மேற்கு முழுக்கப் பாறை. மொத்தமே பதினோரு வீடு. திருமேனி மேற்கு.

நாற்பதாம் நாள் அவன் அரண்மனை விகடகவி சடாட்சரத்திடம் வந்து முதுகைக் காட்டினான்.

"எல்லை தாண்டி ஒரு உருண்டை சோறு வாங்கினேங்க. அதுக்கு இந்தத் தழும்பு. இன்னும் பத்து நாள் போனா எங்கள்ல பாதிப் பேர் எந்திரிக்க மாட்டோம்."

சடாட்சரம் சபையில் விஷயத்தைச் சொன்னான். மந்திரிக்கு அவன்மேல் பழைய எரிச்சல்.

"அரசே, என் பிரிவில் ஒரு முழம் ஏற்றத்தாழ்வு கிடையாது. குறையிருந்தால் இவன் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் வேட்டை முடிந்து ராஜா கொலைப்பசியோடு வந்தார். மந்திரி, தளபதி, புரோகிதர் உடன். நாலு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு பெரிய தலைவாழை இலை போடச் செய்திருந்தான் சடாட்சரம். வழக்கப்படி மேலே உப்பு, ஊறுகாய், கறிவகை. கீழே வலப்பக்கம் சோறு. சடாட்சரம் நூல் பிடித்து அளந்து இலையை நாலாக அறுத்தான். உப்பும் ஊறுகாயும் ராஜாவுக்கு. கறி தளபதிக்கு. வெறும் இலை புரோகிதருக்கு. சோறு மந்திரிக்கு.

"என்னடா இது?"

"சமபங்கு, அரசே. விரற்கடை வித்தியாசம் இல்லை. மந்திரியாரே அளந்து பார்க்கட்டும்."

ராஜா சோற்றுப் பக்கம் கை நீட்டினார். சடாட்சரம் இடுப்பிலிருந்து பிரம்பை உருவினான்.

"மன்னிக்கவேண்டும். தாங்கள் எல்லை தாண்டுகிறீர்கள்."

"எனக்கு உப்புக்கூட விழலையே" என்று புரோகிதர் முனகினார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விருத்தகிரி, நிலத்தை அளந்தீரே, சோற்றை அளந்தீரா? இனி அடுப்புகளை எண்ணி எல்லை போடும்! சடாட்சரத்துக்குப் பொன்னாடை!"

"பொன்னாடை இருக்கட்டும், அரசே. பிள்ளைகள் பட்டினியோடு மண் சுமந்த நாட்களுக்கு?"

"அதுதான் சரியாகிவிட்டதே" என்று ராஜா சோற்றைப் பிசைந்தார்.

எல்லை மாறியது. மேற்குக்கு முந்நூறு அடுப்பு சேர்ந்தது. மந்திரி மந்திரியாகவே இருந்தார். மேற்கு மாணவர் அறுபது பேருக்கு அரண்மனை நாற்பது நாள் சோறு பாக்கி. அதை இன்னும் கொடுக்கவில்லை.