சொர்ணத்துக்கு ஒரு மஃபின்

தூத்துக்குடியில் செலின் வீட்டு மாடியில் நடக்கும் கேக் வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்கள். அவர்களுக்கு நடுவே ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார் அருமைநாயகம். துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். செலினுக்கு அப்பா வயது இருக்கும். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் சொல்லாமல் ஒரு கரண்டியைக்கூடத் தொடமாட்டார்.

அவர் கற்றுக்கொள்ள வந்தது ஒன்றே ஒன்றுதான். பழம் போட்ட மஃபின். சர்க்கரை பேருக்கு இருந்தால் போதும், எண்ணெய் கூடவே கூடாது. மனைவி சொர்ணத்துக்குச் சர்க்கரை நோய்.

செலின் சொல்லிக்கொடுத்தாள். தோல் கறுக்கும் அளவுக்குக் கனிந்த கற்பூரவல்லி வாழைப்பழத்தை மசிக்க வேண்டும். எண்ணெய்க்குப் பதிலாகத் துணியில் கட்டி நீர் வடித்த தயிர். மாவைப் போட்டு அடிக்கக் கூடாது, மெதுவாகப் புரட்டிவிட்டால் போதும். கலந்த கையோடு ஓவனுக்குள் போய்விட வேண்டும். அருமைநாயகம் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக்காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் ஒரு டப்பாவோடு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"டீச்சர், எங்கயோ தப்புப் பண்ணுதேன். எங்கன்னு பிடிபட மாட்டேங்கு."

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"அவ தொடவே மாட்டேங்கா. தெனமும் செஞ்சு பாத்துட்டேன். தட்டை அப்படியே திருப்பிக் குடுத்திருதா. தயிர் புளிப்பு தூக்கலா இருக்கோ?"

செலின் ஒன்றை எடுத்து உரித்தாள். அடியில் சுற்றியிருந்த காகிதக் கிண்ணம் சுத்தமாகப் பிரிந்து வந்தது. எண்ணெய் சேர்க்காத மஃபினைச் சூட்டோடு உரித்தால் பாதி காகிதத்தோடு போய்விடும். மனுஷர் பொறுமையாக ஆறவிட்டிருக்கிறார். பிட்டு வாயில் போட்டாள்.

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. தப்பு மாவுல இல்ல."

"பின்ன எதுல?"

அந்த நேரம் பார்த்து, கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாசிலாமணி மாடியேறி வந்தார். இறக்கி வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்தார்.

"வீட்டுல மதினிக்கு எப்படிக் குடுப்பியளோ, அப்படியே இவருக்கு ஒண்ணு குடுங்க," என்றாள் செலின்.

டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது? அருமைநாயகம் தட்டின் நடுவில் ஒரு மஃபினை வைத்து, நிமிர்ந்து நின்று நீட்டினார். கப்பலேறப் போகிறவர்களுக்கு விதிகளைச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் தானாகவே வந்துவிட்டது.

"இதுல சர்க்கரை ரொம்பக் கம்மி. எண்ணெய் கிடையாது, தயிர்தான். இனிப்பெல்லாம் பழத்துல உள்ளது. பயப்படாம ஒண்ணு சாப்பிடலாம். ஒண்ணுக்கு மேல வேண்டாம்."

தட்டை நோக்கி வந்த மாசிலாமணியின் கை பாதியில் நின்றது.

"நீங்க சாப்பிடலியா சார்?"

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் சுகர் இல்லையே."

"எனக்கும் இல்ல சார்," என்று மரியாதையாகத் தட்டை நகர்த்திவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அருமைநாயகமும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"இப்படித்தான் குடுப்பியளா?" செலின் கேட்டாள்.

"இப்படித்தான். அவ நல்லதுக்குத்தான டீச்சர் சொல்லுதேன்?"

"சாயங்காலம் டீக்கு நீங்க என்ன சாப்பிடுவிய?"

அவருக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. "முந்திரி மக்ரூன் வாங்கி வச்சிருப்பேன். இல்லேன்னா கேக். ரொம்ப நாள் பழக்கம்."

"எங்க உக்காந்து?"

"முன் ரூம்ல."

"மதினி?"

"அவ அடுப்படியிலயே குடிச்சிருவா. முந்தியெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான்..."

சொல்லும்போதே அவருக்கு யோசனை ஓடியது.

சொர்ணம் எப்போது எழுந்து அடுப்படிக்குப் போனாள்? நோய் என்று தெரிந்த அந்த வருஷம்தான். இவர் மக்ரூன் பொட்டலத்தைப் பிரிப்பார். "உள்ள வேலை கிடக்கு" என்று அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். வேலை கிடக்கிறது என்று இவரும் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தார். இரண்டே பேர் இருக்கிற வீட்டில், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, சாயங்காலத்தில் அப்படி என்ன வேலை? ஒரு நாளாவது எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

"மச்சினன் மக கல்யாணத்துல," என்று மெல்ல ஆரம்பித்தார். "பந்தியில பரிமாறுனவன் அவ இலையில ஜாங்கிரி வச்சிட்டான். இவளுக்கு சுகர், வைக்காதயும்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னேன். சொல்லிட்டு நானே எடுத்தேன்."

"எடுத்து?"

"கையில வச்சுக்கிட்டு என்ன செய்ய? என் இலையில போட்டுத் தின்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாவ. அவளும் சிரிச்சா டீச்சர். அதான் எனக்கு ஒண்ணும் தெரியல."

பெண்களின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. செலின் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அளவெல்லாம் சொல்லாம, சும்மா குடுத்தா சாப்பிடுவாளா?" என்று கேட்டார் அருமைநாயகம்.

"தெரியாது அண்ணாச்சி."

"தப்புத்தான், மனசுல வச்சுக்காதன்னு சொல்லிக் குடுத்தா?"

"சாப்பிட்டாலும் சாப்பிடலாம்."

"அப்பவும் வேண்டாம்னுட்டா? நான் என்ன செய்ய டீச்சர்?"

செலின் டப்பாவை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"அடுப்படியில மதினி பக்கத்துல உக்காந்து நீங்க ஒண்ணத் தின்னுங்க. சர்க்கரை கம்மியா இருந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கும் தெரியட்டும்."