நாறும் பொட்டலம் யாருடையது?

ஊர்களுக்கெல்லாம் இன்றைய பெயர்கள் வருவதற்கு வெகு காலம் முன்னால், செங்கரை நாட்டை உதயசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்ததை நினைத்தபடி செய்கிறவன். காலையில் ஒருவருக்குப் பட்டுச் சால்வை போர்த்துவான், மாலையில் அதே ஆளை ஊரைவிட்டு விரட்டுவான். ஆனால் மனசில் கள்ளமில்லாதவன். அப்படிப்பட்டவனுக்குக் கொஞ்ச காலமாகப் பெரிய துக்கம் ஒன்று.

அவன் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. தளபதி சேதி சொல்ல வந்தால் தூணோரமாக நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அயல்நாட்டுத் தூதர்கள் பாதிப் பேச்சிலேயே அவசர வேலை இருப்பதாகக் கிளம்பிவிடுவார்கள். ராஜா வாயைத் திறந்தால் ராணிக்குத் தலைவலி வந்துவிடும். நம்மை யாருக்குமே பிடிக்காமல் போய்விட்டது என்று அவன் நினைத்தான். சாப்பாடு இறங்கவில்லை.

அம்பலராயர் மட்டும்தான் நெருங்கி நிற்பார். அரண்மனை வாசனைச் சாலைக்கு அவர்தான் அதிகாரி. அத்தர், புனுகு, சந்தனம் எல்லாம் அவர் பொறுப்பு. மந்திரி நல்லமுத்துவின் பதவி மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். ராஜா மனம் நொந்து அவரிடம் சொன்னதும், இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டார். முகத்தைத் திருப்புகிறவன் மனசில் துரோகம் இருக்கிறது என்றார். மந்திரியே மேல்துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டுதானே பேசுகிறார், கவனிக்கவில்லையா என்றும் கேட்டுவைத்தார்.

ராஜாவும் கவனித்திருந்தான். மறுநாள் சபை கூடியதும் நல்லமுத்துவை அழைத்து, "என்னிடம் பேசும்போது ஏன் முகத்தை மூடுகிறீர்? உண்மையான காரணம் வேண்டும். இல்லையென்றால் இன்றே நாட்டை விட்டுப் போய்விடும்" என்றான்.

மந்திரி கைகூப்பி, "நான் சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள், மகாராஜா. அம்பலராயரையே சொல்ல வைக்கிறேன். அதற்கு ஒரு போட்டி நடத்த அனுமதி வேண்டும்" என்றார்.

போட்டி என்றால் ராஜாவுக்கு உயிர். சபையில் உள்ள எல்லோரும் கொஞ்சம் பஞ்சால் அடிநாக்கைத் துடைத்து, வாழையிலைத் துண்டில் வைத்து, உள்ளே தத்தம் மோதிரத்தால் அடையாளம் போட்டு மடித்துத் தர வேண்டும். பொட்டலங்களைக் கலைத்துப் போட்டபின், வாசனையில் தேர்ந்த அம்பலராயர் முகர்ந்து பார்த்து, அதிகம் நாறுவதை எடுக்க வேண்டும். இதுதான் போட்டி. ராஜாவே முதலில் கொடுத்தால் மற்றவர்கள் கூச்சப்பட மாட்டார்கள் என்று மந்திரி சொல்ல, உதயசேகரன் சந்தோஷமாக நாக்கைத் துடைத்துக் கொடுத்தான்.

அகப்படுகிற ஆளை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. துரத்திவிட வேண்டும் என்றார் அம்பலராயர். நாற்றம் குற்றமில்லை, நோய், வைத்தியம்தான் பார்க்க வேண்டும் என்றார் நல்லமுத்து. ராஜா இரண்டு பேரையும் பார்த்தான். நோயாளியைத் துரத்துவது அவனுக்கு நியாயமாகப் படவில்லை. வைத்தியம்தான் என்று வாக்குக் கொடுத்தான்.

"அப்படியே அம்பலராயர் மூக்கில் இருக்கும் பஞ்சையும் எடுத்துவிடலாம்" என்றார் மந்திரி மெதுவாக.

புனுகு தடவிய பஞ்சு இரண்டு துளையிலிருந்தும் வெளியே வந்தது. இவர் எதற்காக இதை வைத்திருந்தார்? ராஜாவுக்கு உள்ளூர ஏதோ உறுத்தியது.

அம்பலராயர் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே வந்தார். ஒரு பொட்டலத்தில் அப்படியே பின்வாங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மந்திரியை மாட்டிவிடும் அவசரத்தில், அது வேறு யாருடையதாக இருக்கும் என்று யோசிக்கவில்லை. "செத்த எலி மாதிரி இருக்கிறது. இது மந்திரியாருடையதுதான். இந்த வாயோடு மகாராஜா முன்னால் நிற்பதே துரோகம்" என்றார்.

இலையைப் பிரித்தார்கள். உள்ளே ராஜ முத்திரை இருந்தது.

உதயசேகரன் அரியணையிலிருந்து இறங்கி வந்து, பொட்டலத்தை வாங்கித் தானே முகர்ந்தான். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தளபதி, தூதர்கள், ராணி என்று ஒவ்வொரு முகமாக மனசில் வந்து போயிற்று. கூச்சத்தில் காது சிவந்தது. அதற்குள்ளேயே நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது.

"அப்படியானால் யாருக்கும் என் மேல் வெறுப்பில்லையா?"

"வெறுப்பு யாருக்கும் இல்லை, மகாராஜா. மூக்குதான் எல்லோருக்கும் இருக்கிறது."

ராஜா சிரித்துவிட்டான். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னவரை மாலைக்குள் விரட்டியிருப்பீர்களே என்றார் நல்லமுத்து. தன் வாய் நாற்றம் தன் மூக்குக்குப் பழகிப்போகும், அதனால்தான் தங்களுக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

அரண்மனை வைத்தியர் திருவேங்கடம் வந்தார். ராஜாவை வாய் திறக்கச் சொல்லப் பயந்துகொண்டு, அதுவரை சாப்பாடு இறங்காததற்கென்று வயிற்றுக்குக் கஷாயம் கொடுத்துவந்தவர் அவர். இப்போது தைரியமாக விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. ஈறு வீங்கியிருந்தது, பல்லிடுக்கில் கல்போல இறுகிய காரை, அடிநாக்கில் மஞ்சளாகப் படிவு. தேய்த்தால் ரத்தம் வருகிறதென்று பல் துலக்குவதையே விட்டுவிட்டதாகவும், அம்பலராயர் தரும் ஏலக்காயை மென்றுகொண்டிருந்ததாகவும் ராஜா ஒப்புக்கொண்டான்.

"துலக்காமல் விட்டதால்தான் ஈறு இன்னும் கெட்டது. ஏலக்காய் நாற்றத்தை மூடும், போக்காது. வயிற்றில் ஒரு குறையுமில்லை, எல்லாம் வாயில்தான்" என்றார் வைத்தியர்.

சொத்தைப் பல்லைப் பிடுங்கினார். காரையைச் சுரண்டி எடுத்தார். காலையும் இரவும் பல் துலக்கி நாக்கு வழிக்க வேண்டும், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், வாய் உலராமல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். ராஜா முனகிக்கொண்டே எல்லாம் செய்தான். வரவர ஈறு ஆறிற்று. ராணிக்குத் தலைவலி வருவது நின்றது. தளபதி தூணை விட்டு வந்தார்.

மந்திரியின் கையில் பொன் கடகம் பூட்டி, தனக்குப் பிடிக்காத சேதியோடு அவர் எந்த நேரம் வந்தாலும் தடுக்கக் கூடாது என்று ராஜா ஆணையிட்டான். அம்பலராயர் ராஜாவின் காலில் விழுந்தார். அவரைத் துரத்தவில்லை. வாசனைச் சாலையிலிருந்து விலக்கி, புது வேலை ஒன்று கொடுத்தான். தினமும் காலையில் சபை நடுவே, பஞ்சில்லாத மூக்கோடு ராஜாவின் வாயை முகர்ந்து, உள்ளதைச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் நடுங்கிக்கொண்டே வந்தார். ராஜா ஊதினான். அவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெங்காய வாடை அடிக்கிறது, மகாராஜா" என்றார்.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"நீர் தெரிந்தே சொன்ன முதல் உண்மை இது" என்று சொல்லிவிட்டு, உதயசேகரன் உப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.