குமிழியின் தேக்கிலை

பெரிய ஏரியின் நீச்சல் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று காடெங்கும் செய்தி பரவியது. 'நான் ஏன், எப்படிக் கற்பிக்கிறேன்' என்று ஒரு தேக்கிலையில் எழுதி வந்து, எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். அது தலைவி யானை வைத்த விதி.

குமிழி என்ற முக்குளிப்பான் பறவைக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். பத்து வருடமாக அவள் குஞ்சுகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்த குட்டை வற்றிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் காட்டை விட்டே போக வேண்டியதுதான்.

எழுத்தென்றால் அவளுக்கு உதறல். கிளியிடம் ஓர் இலை எழுதி வாங்கி, முள்ளம்பன்றியிடம் காட்டினாள். எழுதத் தெரியாமல் விழிக்கிறவர்களுக்கு அதுதான் துணை. ஆனால் ஒரு வரிகூட எழுதித் தராது. கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடும்!

"'அறியாமை இருளை அகற்றும் அணையா விளக்கு நான்!'" என்று வாசித்துவிட்டு முள்ளம்பன்றி நிமிர்ந்தது. "நீ எப்ப விளக்கு ஏத்தினே?"

"கிளி எல்லாருக்கும் இதைத்தான் எழுதிக் குடுக்குது அண்ணே. கேக்க ஜோரா இருக்குல்ல?"

"இருக்கு. இதுல உன்னைத்தான் காணோம்! தண்ணிக்குப் பயந்த குஞ்சு வந்தா என்ன செய்வே?"

"முதுகுல ஏத்திக்கிட்டு கொஞ்ச தூரம் போவேன். மெதுவா முங்கிடுவேன். குஞ்சு தானா மிதக்கும்." குமிழியின் குரல் தாழ்ந்தது. "ஒரு வாத்துக் குஞ்சை ஏத்திக்கிட்டுப் போய் அவசரப்பட்டு முதல் நாளே முங்கிட்டேன். பயந்துபோய் ஆறு நாள் அது தண்ணியில இறங்கல. நானும் அது பக்கத்துலயே கரையில உக்காந்திருந்தேன். ஏழாம் நாள் அதுவே, 'இப்ப முங்குங்க'ன்னு சொல்லிச்சு. அதுக்கப்புறம் குஞ்சு சொல்லாம நான் முங்கினதே இல்ல."

"இதை எழுது!"

"என் தப்பையா? மானம் போயிடுமே!"

"தப்புக்கு அப்புறம் ஆறு நாள் உக்காந்தியே, அதையும் சேர்த்து எழுது!"

தேர்வு நாளில் தவளை எழுந்தது. "அணையா விளக்கு நான்!" நீர்நாய் எழுந்தது. "அணையா விளக்கு நான்!"

"ஏரியில இத்தனை விளக்கு எதுக்கு?" என்று யானை அலுத்துக்கொண்டாள். "நீர்நாயே, பயந்த பிள்ளையை எப்படித் தண்ணியில இறக்குவே?"

நீர்நாய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அதில் பதில் இல்லை.

குமிழி தான் எழுதிய இலையைத் தடுமாறியபடி வாசிக்கத் தொடங்கினாள். ஆறு நாள் கதை வந்ததும் தடுமாற்றம் போய்விட்டது. கடைசி வரியைத் தலை நிமிர்ந்து வாசித்தாள்: "எப்போது முங்குவது என்பதைக் குஞ்சுதான் சொல்லும். அதுவரை நான் கரையில் இருப்பேன்."

யானை தன் காலடியில் ஒளிந்திருந்த குட்டியை முன்னால் தள்ளினாள். "இவனும் தண்ணியைக் கண்டா நடுங்குவான். இவனை முதுகுல மட்டும் ஏத்திடாதீங்க, டீச்சர்!"

டீச்சர்! அந்த ஒரு சொல்லுக்கே குமிழிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமையோடு கரையில் குட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரவல் வாங்கிய பெரிய வார்த்தைகளைவிட, தான் செய்ததை உள்ளபடி சொல்லும் சின்ன வார்த்தைகளே ஆசிரியருக்குப் பெருமை.