குளவி கட்டிய மருந்துப் பெட்டி

மலையடிவாரத்தில் பெண்கள் மட்டும் தங்குகிற ஒரு மடம் இருந்தது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, மிச்சக் காலத்தைச் சிவனே என்று கழிக்க வந்தவர்கள்தான் அங்கே அதிகம். மடத்தின் தலைவி ஞானாம்பிகை அம்மையாருக்கு வைத்தியமும் தெரியும். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

உமையாளும் தையல்நாயகியும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தவர்கள். இருவருக்கும் ஐம்பதை நெருங்குகிற வயது. உமையாள் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை வருஷக் கணக்கில் பார்த்தவள். தையல்நாயகி இட்லிக் கடை நடத்தி மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவள்.

இருவரும் சொன்ன நோவு ஒன்றேதான். காலையில் எழுந்தால் உடம்பு கல்லாகக் கனக்கிறது. மாதவிலக்கு தாறுமாறாக வருகிறது. முடி கொட்டுகிறது. காரணமில்லாமல் அழுகை வருகிறது.

அம்மா இருவருக்கும் நாடி பார்த்தார். பிறகு டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பி ரத்தமும் பார்த்துவரச் சொன்னார். அதன்பின் மருந்து கொடுத்தார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய மருந்தானாலும் ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் போட்டு, பூஜை அறை மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அவரவர் பெட்டியை அவரவர்தான் எடுக்க வேண்டும். சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

தையல்நாயகியின் பெட்டியில் டாக்டர் எழுதிய மாத்திரை அட்டை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை இருந்தது. கூடவே ஒரு கிண்ணம் நெல்லிக்காய் லேகியம்.

உமையாளின் பெட்டியில் ஒரு பொடி மட்டும் இருந்தது.

"இது என்னம்மா?"

"அமுக்கராக் கிழங்குப் பொடி. ராத்திரி பாலில் கலந்து குடி. வெயில் முற்றத்துக்கு வரும்வரை தூங்கு."

"விடியற்காலைப் பதிகம் யார் பாடுறது?"

"கொஞ்ச நாளைக்குத் தையல்நாயகி பாடட்டும்."

பதிகம் உமையாளுடையது. வந்த நாள் முதல் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டு. அந்தக் குரலுக்காகவே கீழூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். தைப்பூசம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"அவளுக்கு மட்டும் அத்தனை மருந்தா?"

"அவளுக்குத் தைராய்டு குறைவு, ரத்தமும் குறைவு. உனக்கு ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. உடம்பு ஓய்வு கேட்கிறது."

உமையாள் தலையாட்டினாள். மனசு ஆட்டவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் மகளிடம் போனில் சொல்லி அழுதாள். மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பா அனுப்பினாள். பளபளவென்று படம் போட்ட டப்பா. உமையாள் அதை அம்மாவிடம் கொண்டுபோனாள்.

"அமெரிக்கால கூட இதத்தான் சாப்பிடறாங்களாம். இதையும் சேத்துக்கட்டுமா?"

அம்மா உள்ளிருந்த கேப்ஸ்யூல் ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"உள்ளே இருப்பது அதே அமுக்கராதான். டப்பாதான் வேறு. ஒன்று போதும்."

நாட்கள் போயின. தையல்நாயகியின் முகத்தில் ரத்தம் ஊறியது. அவள் குரல் கரகரப்புக் குரல்தான். ஆனாலும் பாடப் பாட அதிலும் ஒரு உருக்கம் வந்தது. கீழூர்க் கிழவர் ஒருவர், "இந்தம்மா பாடறதும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று உமையாளுக்குச் சோறு இறங்கவில்லை.

சமையல்கட்டில் சமையல் பார்க்கும் பேச்சி கேட்டாள். "என்னக்கா, கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டம் இருக்கு? அம்மா உன்னத் தூங்கத்தான சொன்னாக?"

"தூக்கம் வந்தாத்தானே."

"நீதான் கோழிக்கு முன்னாடி எந்திரிச்சு மாடத்துக்கிட்ட நிக்கியே. அங்க என்ன, சாமி உனக்குத் தனியா காட்சி தருதாக்கும்?"

உமையாள் வெங்காயம் உரித்தாள்.

"மாடத்துல குளவி கூடு கட்டுது, பாத்தியா?" என்றாள் பேச்சி. "குளவி கட்டினா வீட்டுல புள்ள பொறக்கும்பாக. இந்த மடத்துல யாரு பெறப்போறாகளோ, ஈசனுக்கே வெளிச்சம்."

உமையாள் குளவியைப் பார்க்கவில்லை. அவள் கண் போவதெல்லாம் தையல்நாயகியின் பெட்டிமேல்தான்.

ஒருநாள் கையும் போனது.

டாக்டர் எழுதிய அட்டையில் ஒரு மாத்திரைதானே என்று எடுத்தாள். மறுநாள் உடம்பு பறப்பதுபோல் இருந்தது. இதுதான் மருந்து, இதைத்தான் எனக்குத் தராமல் வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் எடுத்தாள். சில நாள் இரண்டாகவும் எடுத்தாள்.

தையல்நாயகியின் அட்டை சீக்கிரம் காலியானது. டவுனுக்குப் போய்வரும் வண்டி வர இன்னும் நாள் இருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி உடம்பு கனத்தது, காலும் வீங்கியது. பாட்டில் மூச்சு வாங்கியது.

ஒரு விடியற்காலை, பாதிப் பதிகத்தில் தையல்நாயகியின் குரல் நின்றுபோனது.

உமையாள் இதற்காகத்தான் காத்திருந்தாள். எழுந்து நின்று அடுத்த அடியை எடுத்தாள். இரண்டு வரி கணீரென்று வந்தது. மூன்றாவது வரியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கியது. பிடித்திருந்த கைத்தாளம் கீழே விழுந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா வந்து அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். வெகுநேரம் விடவில்லை.

"என்ன சாப்பிட்டாய்?"

உமையாள் தையல்நாயகியைப் பார்த்தாள். அவள்தான் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்திருந்தாள்.

"இவ மாத்திரைய."

தையல்நாயகி செம்பைத் தரையில் வைத்தாள்.

"நான்தான் எண்ணிக்கைய விட்டுட்டேன்னு நெனச்சேன்," என்றாள் தையல்நாயகி. "புத்தியும் மங்கிப்போச்சுன்னு பயந்துகிட்டுக் கெடந்தேன் அக்கா."

உமையாள் தலைகுனிந்து அழுதாள்.

அம்மா கோபிக்கவில்லை. இருவரையும் அன்றே வாடகை வண்டி வைத்து டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் உமையாளைத் திட்டித் தீர்த்தார். "உடம்புக்கு வேண்டாதவங்க இதைச் சாப்பிட்டா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்றார். படபடப்பு அடங்கச் சில நாள் ஆனது. தையல்நாயகிக்குப் புது அட்டை வந்தது.

உடம்பு தேறியதும் உமையாள் அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"தப்புத்தான் அம்மா. ஆனா ஒண்ணு கேக்கணும். கேக்காட்டி என் மனசு ஆறாது."

"கேள்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நோவு. அவளுக்குக் குடுத்தது வேல செஞ்சுது. எனக்குக் குடுத்தது செய்யல. ரெண்டுல எது நல்ல மருந்து?"

அம்மா எழுந்தார். மாடத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டினார்.

"தையல்நாயகியின் மாத்திரை எப்படி இருக்கும்?"

"சின்னதா, வெள்ளையா. நடுவுல ஒரு கோடு."

"எப்போது சாப்பிடுவாள்?"

"எந்திரிச்சதும் வெறும் வயித்துல. ஒரு மடக்குத் தண்ணி. அப்புறம் காப்பிகூடத் தொடமாட்டா, பதிகம் முடிஞ்சுதான். சத்து மாத்திரை சாயங்காலம், ரெண்டும் சேரக் கூடாதாம். லேகியம் சுண்டைக்காய் அளவு. அதுல தேன் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"தேன் தூக்கலா?"

உமையாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா லேசாகச் சிரித்தார்.

"சரி. உன் பொடி எப்படி இருக்கும்? கசக்குமா, துவர்க்குமா?"

உமையாள் யோசித்தாள். முதல் இரண்டு ராத்திரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தது நினைவிருந்தது. ருசி நினைவில்லை.

"போய் உன் பெட்டியை எடுத்து வா."

உமையாள் எழுந்து மாடத்துக்குப் போனாள். அவள் பெட்டி பின்வரிசையில் சுவரை ஒட்டி இருந்தது. எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. விளக்கைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

மூடியையும் சுவரையும் சேர்த்துப் பூசி, குளவி மண்கூடு கட்டியிருந்தது. மண் நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது.

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், பெயரவில்லை.

பிறகு அங்கிருந்தபடியே கேட்டாள்.

"அப்போ எது நல்ல மருந்து அம்மா?"

"அவளுக்குக் கொடுத்ததைப் பற்றிச் சொல்ல நீ இருக்கிறாய்," என்றார் அம்மா. "உனக்குக் கொடுத்ததைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடத்தில் ஒருவரும் இல்லை."