கோ சொல்லாத டீச்சர்

பேச்சித்தாய் அந்த வாரத்தில் பதினோரு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாள். பன்னிரண்டாவது ஆள் எஸ்தர் டீச்சர்.

சுரண்டைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எஸ்தர் டீச்சர் விளையாட்டு ஆசிரியை. பேச்சி அங்கே ஆறு வருஷம் கோகோ ஆடியவள். இப்போது ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். மாநிலப் போட்டியில் அவள் துரத்திய வேகத்தைப் பார்த்துவிட்டு மதுரைக் கல்லூரி ஒன்றின் கோச் தேடி வந்து பேசினார். இடம் தருகிறோம், விடுதி தருகிறோம், மூன்று வருஷமும் எங்களுக்கு ஆட வேண்டும் என்றார். ஆனால் சாயங்காலம் பயிற்சி இருப்பதால் லேப் உள்ள படிப்பு எதையும் எடுக்க முடியாது.

பேச்சிக்குக் கெமிஸ்ட்ரி என்றால் உயிர். பக்கத்து ஊர்க் கல்லூரியில் அதற்கும் இடம் கிடைத்திருந்தது. அங்கே கோகோ அணியே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் செய்கிறேன், அப்போது பதிலைச் சொல்லிவிடு என்று கோச் கெடு வைத்திருந்தார்.

அப்பா உன் இஷ்டம் என்று நழுவிவிட்டார். அம்மா, அப்பாவைக் கேள் என்றாள். கெமிஸ்ட்ரி டீச்சர் கெமிஸ்ட்ரி என்றார், கூட ஆடும் பிள்ளைகள் கோகோ என்றார்கள், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பஸ் கண்டக்டரைக்கூட அவள் விடவில்லை. ரெண்டுமே நல்லதுதான் என்று சொல்லிவிட்டு அவர் டிக்கெட்டைக் கிழித்தார். கேட்கக் கேட்க அவளுக்குத் தலை சுற்றியது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அம்மாவின் போனைப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

"டீச்சர், நான் ஆடப் போகவா, படிக்கப் போகவா?"

எஸ்தர் டீச்சர் பதினாலு வருஷமாகப் பிள்ளைகளை ஓட வைக்கிறார். ஒருத்திகூடப் பல்கலைக்கழக அணி வரை போனதில்லை. பேச்சியாவது போக வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த மைதானத்து வேப்பமரத்துக்கும் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தால் அப்போதே ஆடு என்று சொல்லி வேலையை முடித்திருப்பேன்.

அவர், "போய் நாலாவது கட்டத்துல உக்காரு" என்றார்.

துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையாகக் கட்டங்களில் குந்தியிருப்பார்கள். ஒருத்தி மட்டும் துரத்துவாள். அவள் பின்னால் வந்து முதுகைத் தொட்டு 'கோ' என்று சொன்னால்தான் உட்கார்ந்திருப்பவள் எழுந்து துரத்தலாம். சொல்லாமல் எழுந்தால் தப்பாட்டம். பேச்சி ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட முந்தி எழுந்ததில்லை. 'கோ' காதில் விழுந்தபின் பிந்தியதும் இல்லை.

டீச்சர் காலைப் பயிற்சிக்கு வந்திருந்த மற்றப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். விசில் ஊதினார்.

அன்றைக்கு யாரும் பேச்சிக்குக் 'கோ' கொடுக்கவில்லை. மூன்றாவது கட்டத்துக்குக் கொடுத்தார்கள், ஐந்தாவதுக்குக் கொடுத்தார்கள். ஓடுகிற பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் அவளைக் கடந்து போனார்கள். பேச்சி குந்திய இடத்தில் குந்தியிருந்தாள். ஒன்பது நிமிஷம் கழித்து விசில் ஊதியபோது கால் மரத்துப்போய், தரையில் கை ஊன்றித்தான் எழுந்தாள்.

"எனக்கு ஒருத்தியும் கொடுக்கலியே, டீச்சர்" என்றாள். கோபத்தில் கண் கலங்கியிருந்தது.

டீச்சர் அவளைக் காலை உதறிவிட்டு வரச் சொன்னார். பிறகு அவளை எதிரணியில் விட்டார்.

ஓடுகிற வேலை பேச்சிக்குப் பழக்கமில்லாதது. அவள் என்றைக்கும் துரத்துகிறவள். முதலில் நன்றாகத்தான் வளைந்து வளைந்து ஓடினாள். வரிசை முடிவில் நட்டிருந்த கம்பத்தருகே வந்ததும் துரத்துகிறவள் நேர் எதிரே வந்துவிட்டாள். இடது பக்கமும் வழி இருந்தது, வலது பக்கமும் இருந்தது. பேச்சி அப்படியே நின்றுவிட்டாள். தொட்டுவிட்டார்கள். இத்தனை சுலபமாக மாட்டுவாள் என்று எதிர்பார்க்காத பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஏன் நின்ன?" என்று கேட்டார் டீச்சர்.

"எந்தப் பக்கம் போகணும்னு பின்னாடி யாராவது சொல்லுவாங்கன்னு..." பாதியில் நிறுத்திவிட்டாள். சொன்னது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஓடுறவளுக்கு யாரு சொல்லுவா?"

பேச்சிக்கு இன்னும் குழப்பம் கூடியது. ஓடச் சொல்கிறாரா, அப்படியானால் ஆடு என்று அர்த்தமா? இல்லை, உனக்கு ஓடத் தெரியவில்லை, போய்ப் படி என்கிறாரா? இரண்டையும் டீச்சரிடமே கேட்டாள். டீச்சர் சிதறிக் கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்குப் பையில் போன் அடித்தது. பேச்சி ஓடிப்போய் எடுத்தாள். மதுரை நம்பர். அதைப் பிடித்துக்கொண்டு டீச்சர் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன சொல்லட்டும், டீச்சர்? நீங்க எதைச் சொன்னாலும் செய்யுதேன். ஒரு வார்த்தை சொல்லுங்க."

எஸ்தர் டீச்சர் வாயைத் திறந்தார். பதினாலு வருஷத்து ஆசை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்க அவர் பட்ட பாடு முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி," என்றார், "நீ இன்னும் உக்காந்துதான இருக்க."