எதிர்காத்துல மாட்டின உள்ளான்

தொப்! விருட்டன் தலைகீழா வந்து சேத்துல விழுந்துச்சு. இறக்கைய மடக்கக்கூடத் தெம்பில்ல. மூணு நாளா எதிர்காத்துல அடிச்ச அடி அப்படி!

குளத்துல ஊறிக்கிட்டிருந்த எருமை ஒத்தக் கண்ணைத் தொறந்துச்சு. "யாருப்பா அது, ஆகாசத்துலேருந்து விழறது?"

"உள்ளான்! குளிர் காலத்துக்கு மட்டும் இங்க வருவோம்ல, அந்தப் பறவை. பள்ளிக்கரணையிலேருந்து பனி ஏரிக்குப் போறேன். இமயமலையவே தாண்டணும்! இப்ப பாதி வழி வந்திருப்பேனா?"

"பழவேற்காடு வந்திருக்க!"

"பழவேற்காடா? அது அடுத்த ஊராச்சே!" விருட்டனுக்கு அழுகையே வந்துடுச்சு.

போன வருஷம் விருட்டனும் பொண்டாட்டி அல்லியும் பனி ஏரிக்கரையில, பள்ளமான எடத்துல கூடு கட்டிட்டாங்க. தண்ணி ஏறி, முட்டை அத்தனையும் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அல்லி ரெண்டு நாள் இரையே எடுக்கல.

அதான் இந்தத் தடவ, "நான் முந்திப் போய் மேட்டைப் பிடிக்கிறேன். நீ கூட்டத்தோட வா!"ன்னு வீராப்பா கிளம்பிடுச்சு.

விமான நிலையத்துல குடியிருக்கிற காக்கா கரியண்ணன் அப்பவே தடுத்துச்சு.

"தம்பி, வாடை இன்னும் ஓயல. பொறுத்துப் போ!"

"வந்த வழியில தானே திரும்பப் போறேன்? வந்த நேரம் தான் ஆகும். தூரம் என்ன ரப்பரா, இழுத்தா நீள?"

"எங்க ஏரியாவுல அம்மாம்பெரிய விமானமே அப்படித்தான்டா! அதே ஊரு, அதே தூரம். காத்து முதுகுல தள்ளினா சீக்கிரம் வருது, மூஞ்சியில அடிச்சா லேட்டாகுது!"

"பைலட்டு நடுவுல டீ குடிக்க எறங்கியிருப்பாரு, போண்ணே!"

இப்ப அந்தக் கிண்டல் நெஞ்சுல முள்ளா குத்துச்சு.

அப்பத் தெக்கேயிருந்து 'கீச்கீச்'னு சத்தம். உள்ளான் கூட்டம்! விருட்டன் சட்டுனு கோரைக்குள்ள பூந்துக்கிச்சு.

"உங்க ஆளுங்களா? கூப்பிடேன்!" எருமை சொல்லுச்சு.

"ஐயோ, மானமே போயிடும்!"

"மானம் போனா நாளைக்குத் திரும்ப வந்துடும். கூட்டம் வருமா?"

விருட்டன் கண்ணை மூடிக்கிட்டு, "அல்லீ!"ன்னு கத்துச்சு.

மொத்தக் கூட்டமும் எறங்கிடுச்சு. அல்லி அசந்து போச்சு. "யோவ்! மேட்டைப் பிடிக்கப் போறேன்னுட்டு சேத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"நீங்க எப்பக் கிளம்பினீங்க?"

"இப்பத்தான், கொஞ்ச நேரம் முந்தி! காத்து திரும்பிடுச்சுய்யா. இறக்கைய விரிச்சோம், அதுவே தூக்கிட்டு வந்துடுச்சு!"

எருமை சிரிச்ச சிரிப்புல குளமே குலுங்குச்சு. விருட்டனும் சேந்து சிரிச்சுடுச்சு. அல்லி புழு புழுவா கொத்திட்டு வந்து ஊட்டுச்சு. தெம்பு வந்ததும் எல்லாரும் கிளம்பினாங்க. முதுகுல தென்றல்! ஆறு, காடு, மலையெல்லாம் சரசரன்னு பின்னாடி ஓடுச்சு.

பனி ஏரியில போய் எறங்கினா, மேட்டுல அப்பத்தான் பனி உருகி, கூடு கட்டுற அளவுக்குத் தரை எட்டிப் பாத்துச்சு. மூணு நாள் முந்தி வந்திருந்தாலும் பனிக்கட்டி மேல தான் ஒக்காந்திருக்கணும்!

அந்த வருஷம் அல்லி இட்ட நாலு முட்டையும் பொரிஞ்சுச்சு.

தூரத்தை மட்டும் கணக்குப் போட்டு அவசரமா பறக்கிறவன் வழியில விழுவான். காத்தையும் பாத்து, கூட இருக்கிறவங்களையும் கூப்பிட்டுக்கிட்டுப் பறக்கிறவன் நிச்சயம் போய்ச் சேருவான்.